ஏழு நிமிடச் சாவி

அண்ணி நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து பதினோரு வருடம் நான் பார்த்ததில்லை. முதலில் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துவாள். பிறகு இடது தொடையை மட்டும் நாற்காலி விளிம்பில் வைப்பாள். வலது கால் தரையில் ஊன்றியபடியே இருக்கும், எந்த நொடியும் எழுந்து போகிறவள்போல. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான், வேலைக் கூடத்திலும் அப்படித்தான், உறவினர் வீட்டு மெத்தை சோபாவிலும் அப்படித்தான். அண்ணனுக்கு அதில் பெருமை வேறு. இவளுக்கு உட்காரவே நேரமில்லை, நூற்று நாற்பது பேரை மேய்க்கிறவள் அல்லவா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். கட்டியவளின் உடம்பை ஏறெடுத்தும் பார்க்காமல் ஒருவன் இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்த முடியும் என்பதை நான் அவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவள் உட்காராததன் காரணம் எனக்கு அதில் மூன்றாவது வருடமே தெரியும். வீட்டில் துணி துவைப்பது நான். அண்ணியின் உள்ளாடைகளில் சளியும் இரத்தமும் கலந்த கறை இருக்கும். அவற்றை அவள் தானே அலசிவிட்டுத்தான் கூடையில் போடுவாள். அலசியது போதாது என்று அவளுக்குத் தெரியாது, வீட்டில் துவைத்துப் பழக்கமில்லாதவள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே முக்குகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவாள். வாளி நிரம்பி வழிகிற சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்கும். அண்ணன் டிவியின் ஒலியைக் கூட்டிக்கொள்வான்.

நாங்கள் வேலை பார்க்கும் கூடத்தில் கோட்டு தைக்கிறோம். ஹோட்டல் சிப்பந்திகளும் காவலாளிகளும் போடுகிற கோட்டு. ஏழு வரிசை, நூற்று நாற்பது மெஷின். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்ற என்னை அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்தவள் அண்ணிதான். “இதுக்கு வாயும் வராது, படிப்பும் வராது. கையாவது வருதான்னு பார்ப்போம்” என்று என்னை வைத்துக்கொண்டே மேனேஜரிடம் சொன்னாள். கை வந்தது. இப்போது மூலையில் சாம்பிள் தைக்கிற மெஷினில் இருக்கிறேன். புது மாதிரி வந்தால் முதல் கோட்டை நான்தான் தைப்பேன். அந்த மூலையிலிருந்து கூடம் முழுவதும் தெரியும். பேசாமலிருக்கிறவளுக்குக் காது கேட்காது என்று பலர் நினைப்பதால், கூடம் முழுவதும் கேட்கவும் கேட்கும்.

அண்ணி அங்கே நூல் வெட்டுகிற பெண்ணாகச் சேர்ந்தவள். பொத்தான், காலர், கை ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகப் பழகி, வரிசைத் தலைவியாகி, பிறகு சூப்பர்வைசரின் நீலக் கோட்டைப் போட்டவள். அவளுக்குத் திறமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தொங்குகிற கோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்தத் தோள் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவளை ஏற்றிவிட்டது அந்தத் திறமை இல்லை. அது அங்கே இன்னும் நாலு பேருக்கு இருந்தது. ஷிஃப்ட் நேரத்தில் இடத்தைவிட்டு நகராதவள் என்ற பெயர்தான் அவளை ஏற்றியது. காலையில் வீட்டில் முடிந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் சாயங்காலம்தான். நடுவில் வயிறு கூப்பிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மற்றவர்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதுபோல அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். “இருபத்திரண்டு வருஷத்துல ஷிஃப்ட் நேரத்துல நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்ல.” புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்தியும் முதல் நாள் கேட்கிற முதல் வாக்கியம் அதுதான், வருடக் கணக்கு மட்டும் கூடிக்கொண்டே போகும். என்ன ஒரு சாதனை. மாடுகூட அந்தச் சாதனையைச் செய்ய ஒத்துக்கொள்ளாது.

‘அந்தப் பக்கம்’ என்பது கூடத்தின் பின்புறம் இருக்கும் பெண்கள் கழிவறை. வெளிக்கதவு ஒன்று, உள்ளே இரண்டு அறை. அண்ணி சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் அந்த வெளிக்கதவு திறந்தே கிடந்தது. நீலக் கோட்டு போட்ட முதல் வாரம் அதற்கு இரண்டு பக்கமும் சாவி போட்டுத் திருப்புகிற பூட்டு வாங்கிப் போடச் சொன்னாள். மேலிடத்துக்கு அப்படி ஒரு யோசனையே இருந்ததில்லை, இவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோட்டின் கையை இஸ்திரி போடுகிற பலகை ஒன்று உடைந்து கிடந்தது. அதன் முனைத் துண்டில் சாவியைக் கட்டித் தன் மேசைக்கு மேலே மாட்டினாள். அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எங்கே போகிறோம் என்று ஏழு வரிசைக்கும் தெரியும். பக்கத்தில் ஒரு நோட்டு. மெஷின் நம்பர், போன நேரம், வந்த நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஏழு நிமிடம். கூடினால் மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பாள். பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சிலர் மாதத்தில் அந்த நாட்களில் லீவு போட்டார்கள். அவளுக்கு ‘மணிக்கூண்டு’ என்று பெயர் வைத்தார்கள். உட்காராமல் நின்றபடியே நேரம் சொல்கிற ஜென்மம் வேறு என்ன.

அவளுக்கு முன்னால் சூப்பர்வைசராக இருந்தவளுக்கு முழங்கால் வலி. நடுநடுவே ஸ்டூலில் உட்காருவாள். ஷிஃப்ட் முழுவதும் நிற்க முடியாதவளுக்கு நீலக் கோட்டு எதற்கு என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னதும் அண்ணிதான். மேனேஜர் அதையே விதியாக எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டார். ஆகவே அண்ணியின் பதவி அவளுடைய இரண்டு காலில் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

காஜா மெஷினில் ஓர் அக்கா இருந்தாள். பொத்தான் துளை போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காஜா அக்கா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். மூன்றாவது பிரசவத்தில் கிழிந்த இடம் சரியாகக் கூடாமல், வந்தால் அடக்க முடியாத நிலை அவளுக்கு. ஒரே நாளில் ஐந்து தடவை சாவி கேட்டாள். ஐந்தாவது தடவை அண்ணி கட்டையைக் கையில் எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை.

“பின்னாடி அடைக்கத் தெரியாதவளுக்கு முன்னாடி மெஷின் எதுக்கு?”

கூடம் சிரித்தது. பயத்தில் சிரித்தவர்களும் உண்டு, நன்றாகவே சிரித்தவர்களும் உண்டு. காஜா அக்காவுக்கு நின்ற இடத்திலேயே போய்விட்டது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமும் எங்கள் வீட்டுக் குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தது. நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் நிலைமை முற்றியது. முன்பெல்லாம் முக்கும்போது பின்பக்கமாக வெளியே வந்த சதை தானே உள்ளே போய்விடும். பிறகு கையால் தள்ள வேண்டியிருந்தது. அதற்கப்புறம் நின்றாலே வர ஆரம்பித்தது. இதையெல்லாம் அவள் டாக்டரிடம் சொல்லும்போதுதான் நான் முழுதாகக் கேட்டேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்தது அவள் நடையிலிருந்து தெரிந்தவைதான். நடை சுருங்கிவிட்டது. ஏழு வரிசையையும் சுற்றி வருகிறவள் மூன்றாவது வரிசையோடு திரும்பினாள்.

வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். மணிக்கூண்டு என்ன செய்தாள் தெரியுமா? ஒரு காலை என் மூலைக்கு வந்து ஒரு தாளை வைத்தாள். கோட்டு சாம்பிளுக்கு எழுதுவதுபோலவே அளவு எழுதியிருந்தாள். இடுப்பு முப்பத்தாறு. இரண்டு அங்குல எலாஸ்டிக். நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை. அந்தப் பட்டையில் கோட்டுக்கு வைக்கிற தோள்பஞ்சு மூன்று அடுக்கு, வட்டமாக, குறுக்கும் நெடுக்கும் தைத்தது. புது பார்ட்டி கேட்கிற சாம்பிள், யாரிடமும் காட்டாதே என்றாள். எந்தப் பார்ட்டி, என்ன உடுப்பு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்தாள். பஞ்சு இன்னும் கெட்டியாக வேண்டும். அதற்கடுத்த நாள் மறுபடியும் வந்தாள்.

“கால் அங்குலம் உள்ள எடு. பிடிப்பு போதல.”

“பார்ட்டி போட்டுப் பார்த்தாங்களா அண்ணி?”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சொன்னதைச் செய்” என்றாள்.

நான் சொன்னதைச் செய்தேன். அரை அங்குலக் கோணலுக்கு ஆயிரக்கணக்கான கோட்டுகளைப் பிரித்துப் போட்டவள், தன் குடலைத் தோள்பஞ்சால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிடலாம் என்று நம்பினாள். தைத்துப் பிழைக்கிறவளுக்கு எந்தக் கோளாறும் ஒரு டக் பிடித்து மடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும்போல. எனக்கு அப்போதே தெரியும் இது நிற்காது என்று. சொல்லியிருக்கலாம். அவள் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு நூற்று நாற்பது பேருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க ஒரு திருப்தி இருந்தது. அதனால் சொல்லவில்லை.

இரண்டு மாதம் அந்தப் பட்டை நின்றது. பிறகு ஒரு நாள் பெரிய வாடிக்கையாளரின் ஆட்கள் கூடத்தைப் பார்வையிட வந்தார்கள். காலை எட்டரையிலிருந்து ஒரு மணி வரைக்கும் அண்ணி அவர்களோடு நின்றாள், நடந்தாள், சிரித்தாள். பதினொன்றுக்கே அவள் முகத்தில் இரத்தம் இல்லை. மேல் உதட்டில் வியர்வை. அவர்கள் படியிறங்கியதும் அண்ணி திரும்பித் தன் மேசைக்குப் போனாள். ஆணியிலிருந்து கட்டையை எடுத்தாள்.

ஏழு வரிசையிலும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு, தொடைகளை ஒட்டவைத்துக்கொண்டு, அவள் பின்பக்கமாக நடப்பதை எல்லோரும் பார்த்தோம். கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து சாவி திரும்புகிற சத்தமும் கேட்டது.

“நேரம் எழுதுங்கடி” என்றாள் நாலாவது வரிசையில் ஒருத்தி. இன்னொருத்தி நிஜமாகவே போய் நோட்டில் எழுதினாள். மெஷின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு, ஒன்று பத்து என்று.

ஏழு நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. ஒன்று ஐம்பதுக்கு நான் எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். அண்ணி என்று கூப்பிட்டேன். பதில் தரையிலிருந்து வந்தது, அவ்வளவு தாழ்வாக.

“யாரையும் விடாத. உள்ள தள்ள முடியல. பெருசாயிடுச்சு.”

“கதவைத் திறங்க.”

“எழுந்திரிக்க முடியல.”

கதவுக்குக் கீழே சாவியைத் தள்ளுங்கள் என்றேன். தள்ளினாள். கட்டை கதவில் முட்டி நின்றது. யாரும் தொலைக்கக் கூடாது, யாரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது என்று அவளே தேடி எடுத்துக் கட்டிய கட்டை. கதவுக்கும் தரைக்கும் நடுவில் அரை அங்குலம்தான் இடைவெளி. கட்டை ஒன்றரை அங்குலம். இரண்டு மூன்று தடவை முட்டினாள். கழுத்தில் நூல்வெட்டி தொங்குகிறதே, கயிற்றை வெட்டுங்கள் என்றேன். அவள் கட்டிய கயிறு லேசில் வெட்டுப்படாது. வெகுநேரம் வெட்டினாள். கடைசியில் சாவி மட்டும் ஈரத்தோடு என் காலடிக்கு வந்தது.

உள்ளே நான் பார்த்ததை அப்படியே எழுத வேண்டியதில்லை. பட்டை அவிழ்ந்து கிடந்தது. வெளியே வந்திருந்தது ஒரு கை முஷ்டி அளவுக்கு, வட்டம் வட்டமாக மடிப்போடு, கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. பஞ்சு அதை உள்ளே நிறுத்தவில்லை. வெளியே வந்ததைக் கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் என்ன என்று கேட்டார். அண்ணி மூலம் என்றாள். அவர் பார்த்துவிட்டு, “இது மூலம் இல்லம்மா. மலக்குடலே வெளிய வந்திருக்கு” என்றார். பிறகு நர்ஸிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். நர்ஸ் தங்கள் டீ அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவந்தாள். அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணன், இந்த நேரத்தில் டீ போடப் போகிறார்களா என்று என் காதில் கேட்டான். அவர்கள் கரண்டி கரண்டியாகச் சர்க்கரையை அள்ளி அந்த வீக்கத்தின் மேல் கொட்டினார்கள். சர்க்கரை நீரை இழுக்கும், வீக்கம் வற்றும் என்று டாக்டர் விளக்கினார். அரை மணி நேரத்தில் வற்றியது. மெதுவாக உள்ளே தள்ளினார். இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகாமல் தப்பியது அதிர்ஷ்டம், அடுத்த தடவை அந்த அதிர்ஷ்டம் இருக்காது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று குடல் சர்ஜனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அண்ணி சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். வேலைக்கூடத்துக்குப் போன் செய்து சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இரண்டு நாள் கழித்து மறுபடி நீலக் கோட்டு. அன்று காலையே என் மூலைக்கு ஒரு புதுத் தாள் வந்தது. இந்தத் தடவை மூன்று அங்குல எலாஸ்டிக், பஞ்சு ஐந்து அடுக்கு.

“தைக்க மாட்டேன்” என்றேன்.

அந்தக் கூடத்தில் பதினேழு வருடத்தில் நான் முடியாது என்று சொன்னது அது முதல் தடவை. மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, திரும்பக் கேட்டாள். திரும்பச் சொன்னேன்.

“உனக்கு வாய் வேற வந்துடுச்சா?”

“இதைக் கட்டிக்கிட்டு நீங்க செத்தா, தைச்ச கை என்னுது.”

தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு யாரிடமும் அதைக் கொடுக்க முடியாது. அவளே இரவல் மெஷினில் உட்கார்ந்து தைக்கவும் முடியாது, உட்கார்ந்தால்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காஜா அக்காவைத் தேடிப் போனேன். ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தாள். பழைய துணி திருத்திக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வேலை போன அடுத்த வருடம் அவள் ஆபரேஷன் செய்துகொண்டது எனக்குத் தெரியும். எந்த டாக்டர், எப்படி இருந்தது என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மணிக்கூண்டுக்கு அடி கழண்டுடுச்சா?”

பிறகு டாக்டரின் அறை எந்த மாடி என்று சொன்னாள். அதே சர்ஜன்தான், அண்ணியின் பையிலிருந்து எடுத்து நான் நகல் போட்டு வைத்திருந்த சீட்டிலும் அந்த அம்மாள் பெயர்தான் இருந்தது. வாசல் வரைக்கும் வந்து, “நான் முன்னாடியே போயிருந்தா எனக்கு வேலை போயிருக்காது. அவளுக்கு வேலை போகக் கூடாதுன்னா இப்பவே போகச் சொல்லு” என்றாள்.

நான் அண்ணியிடம் இரண்டாவது பாதியை மட்டும் சொன்னேன், யார் சொன்னது என்று சொல்லாமல். வலி அசைக்காத அவளை அது அசைத்தது. அடுத்த பார்வையிடல் மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் திரும்பிவிடலாம் என்று காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பித்தப்பையில் கல் என்று கூடத்தில் சொல்லிவிட்டாள். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான ஓர் உறுப்பு வேண்டும் அல்லவா.

சர்ஜன் குள்ளமான, சின்ன வயது அம்மாள். முக்கச் சொல்லிப் பார்த்தார். நாலு அங்குலத்துக்கு மேல் வருகிறது, குடலின் எல்லா அடுக்கும் சேர்ந்தே வருகிறது, மருந்தாலோ பயிற்சியாலோ இனி ஆகாது என்றார். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, குழாய் வழியாக உள்ளே போய், தளர்ந்து இறங்கிய குடலை மேலே தூக்கி, ஒரு வலைத் துண்டை வைத்து முதுகெலும்பின் அடிப்பகுதியோடு சேர்த்துத் தைத்துவிடுவோம் என்றார்.

தைப்பது என்றதும் அண்ணி நிமிர்ந்தாள்.

“என்ன தையல்?”

“புரியலம்மா.”

“ஒத்தைத் தையலா, ரெட்டையா? வலை என்ன நூல்? இழுத்தா கொடுக்குமா?”

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து மாதிரி வலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அண்ணி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் இழுத்தாள். மூலைவாட்டில் இழுத்தாள். நெய்தது சுமார்தான் என்று என்னிடம் சொன்னாள். குடல் வெளியே தொங்க வந்திருக்கிறவள், டாக்டரின் சரக்கில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள் போலிருந்தது. டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வலையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எத்தனை வருஷமா அடக்கி வச்சுப் பழக்கம்?”

அண்ணிக்கு முகம் மலர்ந்தது. அந்த வாக்கியம் தானாகவே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துல ஷிஃப்ட் நேரத்துல என்று ஆரம்பித்து முழுதாகச் சொல்லி முடித்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

“அதுதாம்மா உங்க வியாதி. வரும்போது போகாம விட்டா உள்ளயே கல்லா இறுகும். அதை முக்கி முக்கித்தான் குடலைப் பிடிச்சிருந்ததெல்லாம் தளர்ந்துபோச்சு. நான் எவ்வளவு நல்லா தைச்சாலும், திரும்ப அடக்கினீங்கன்னா பிரிஞ்சு வந்துடும்.”

அண்ணி என்னைத்தான் முறைத்தாள், நான் சொல்லிக்கொடுத்து அவர் சொன்னதுபோல.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. நன்றாகவே நடந்தது. அண்ணன் கீழே கேன்டீனில் இருந்தான். இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்றான். அவனுக்கும் ஒரு குடல் உண்டு என்பதை யாரும் அவனிடம் சொன்னதில்லை போலும்.

அதற்குப் பிறகு வந்த நாலு நாளைத்தான் என்னால் மறக்க முடியாது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. மருந்து, காய்ச்சல், சிறுநீர் எல்லாவற்றுக்கும் கட்டம். காலையிலும் மாலையிலும் நர்ஸ் பேனாவோடு வந்து வார்டுக்கே கேட்கிற குரலில், “காத்து பிரிஞ்சுதா? வெளிக்குப் போனீங்களா? எத்தனை மணிக்கு?” என்று கேட்பாள். பத்துக் கட்டில்களும் காத்திருக்கும். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்பாள். நர்ஸ் எழுதிக்கொள்வாள். மலம் இளக மருந்து கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். போகாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவளுக்குப் பயம். தையல் பிரிந்துவிடும் என்று வந்ததையும் அடக்கினாள். பழக்கமான கைவேலை.

நாலாம் நாள் காலை நர்ஸ் கேட்டதும், ஆறு இருபதுக்குப் போனேன் என்றாள். நிமிடத்தோடு. நர்ஸ் எழுதப் போனாள். நான் அங்கேதான் நின்றேன், ராத்திரி முழுவதும் அந்த நாற்காலியில் இருந்தவள்.

“போகல சிஸ்டர்” என்றேன்.

அண்ணி பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். நர்ஸ் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, “பொய்க் கணக்கு எழுதாதீங்கம்மா” என்றாள். அன்று மத்தியானம் என் தோளைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய், உள்ளே உட்கார்ந்து, அழுதுகொண்டே போனாள். முக்கவில்லை. மருந்து தன் வேலையைச் செய்தது. கதவைத் திறந்து வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அவளே கேட்டாள், எவ்வளவு நேரம் ஆச்சு என்று.

எட்டு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். கனமான எதையும் தூக்கக் கூடாது, ஒரேயடியாக நிற்கக் கூடாது, வயிறு கூப்பிட்டால் உடனே போக வேண்டும் என்று சர்ஜன் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மேனேஜர் தாளைப் படித்தார். பலகையில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினார். நீங்கள் சொல்லித்தானே எழுதினோம் என்றார். நீலக் கோட்டு ஏற்கெனவே இரண்டாவது வரிசைத் தலைவியின் மேல் இருந்தது. அண்ணிக்கு நூல் வெட்டுகிற மேசையில் ஓர் இடம் கொடுத்தார்கள், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஆரம்பித்த அதே மேசை.

வீட்டுக்கு வந்து, ஆபரேஷனுக்கு அனுப்பிக் குடியைக் கெடுத்தவள் என்று என்னைத் திட்டினாள். அண்ணனும் சேர்ந்துகொண்டான். நான் துணியை மடித்தேன். கறை இல்லை.

அவள் மாறியிருப்பாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது. போன வாரம் காலை வாசிப்பில் அவள் நம்பரும் வந்தது, மூன்று தடவை, ஒரு தடவை பதினோரு நிமிடம். அண்ணி எழுந்து நின்று ஆட்சேபம் சொன்னாள். பூட்டைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ இல்லை.

“பதினொண்ணு இல்ல, ஒன்பது. நேரம் ஒழுங்கா எழுதத் தெரியாதவளுக்கு எதுக்கு நோட்டு?”

யாரும் சிரிக்கவில்லை. ஏழைவிட ஒன்பதும் கூடுதல்தான் என்று சொல்லிவிட்டு, நீலக் கோட்டு போட்ட புதியவள் அடுத்த நம்பரை வாசித்தாள்.

இன்று அண்ணி நாற்காலியில் முழுதாக உட்காருகிறாள். குடல் வெளியே வருவதில்லை. பெண்கள் கழிவறை பூட்டித்தான் இருக்கிறது. சாவியை அதே கட்டையில் புதுக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஏழு நிமிடம்.